ஒரே மாடலில் இரண்டு கிட்டார்: ஒன்று தங்கம், ஒன்று தகரம் ஆவது ஏன்?

குறைந்த விலையில் இறக்குமதியாகும் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கப் பார்க்கிறீர்கள். அதே மாடலை ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார், இன்னொருவர் விறகுக்குத்தான் லாயக்கு என்கிறார். இந்தோனேசியாவில் செய்தது மேலா, சீனாவில் செய்தது மேலா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கியதும் பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகத்தை, மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா என்றும், பழைய கிட்டார் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போது உள்ளே எது இருக்கும் என்பது வெறும் அதிர்ஷ்டமா, இல்லை பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். பதினேழு வருடமாக கிட்டார் பழுது பார்ப்பதும், செட்டப் செய்வதும், அதாவது வாசிக்க வசதியாகக் கம்பி உயரம் முதலியவற்றைச் சரிசெய்வதும், என் வேலை. தொழிற்சாலைக்குள் நின்று நான் வேலை செய்ததில்லை. என் மேசைக்கு வந்தவற்றை வைத்துத்தான் பேசுகிறேன். பிரச்சினை இல்லாத கிட்டாரை யாரும் என்னிடம் கொண்டுவருவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாட்டுக் கணக்கை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். ஒரு காலத்தில் ஜப்பானில் செய்தது என்றாலே நகல் சரக்கு என்று முகம் சுளித்தார்கள். 1982-இல் ஃபெண்டர் நிறுவனம் ஸ்கொயர் என்ற பெயரில் ஜப்பானின் ஃபூஜிஜென் தொழிற்சாலையில் கிட்டார் செய்யத் தொடங்கியது. அந்தத் தொடக்ககால ஸ்கொயர்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். அப்புறம் கொரியா வந்தது, அதையும் முதலில் ஏளனம் செய்தார்கள். பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ வரிசை 2001-இல் கொரியாவில்தான் தொடங்கியது. பிறகு இந்தோனேசியாவுக்கு, கோர்-டெக் நிறுவனத்திடம் போனது. கோர்-டெக் என்பது கோர்ட் கிட்டார்களைச் செய்யும் அதே கொரிய நிறுவனம். தன் பெயரிலும் செய்கிறது, பல பிராண்டுகளுக்கும் செய்து கொடுக்கிறது. சில ஸ்கொயர் கிட்டார்களின் வரிசை எண் ஐசிஎஸ் என்று தொடங்கும். இந்தோனேசியா, கோர்ட், ஸ்கொயர் என்பதன் சுருக்கம் அது. ஆக, ஒரே நிறுவனத்தின் கையிலிருந்து எளிய கிட்டாரும் வருகிறது, உயர்ந்த கிட்டாரும் வருகிறது. வித்தியாசம் நாட்டில் இல்லை. அந்த ஒரு கிட்டாருக்கு எத்தனை நிமிடக் கைவேலைக்கு பிராண்டு பணம் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது.

இந்த நிமிடக் கணக்குதான் விஷயமே. இப்போது பாடியையும் நெக்கையும் வெட்டுவது கணினி இயக்கும் இயந்திரம். நெக்கின் குறுக்கே ஃப்ரெட் என்ற மெல்லிய உலோகக் கட்டைகளைப் பதிக்கும் பள்ளங்களும் அப்படியே. காலையில் வெட்டியதும் மாலையில் வெட்டியதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் விலை குறைந்த கிட்டாரில்கூட ஃப்ரெட்டுகள் தப்பான இடத்தில் இருப்பது அரிது. சந்தேகம் இருந்தால் ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள்: நட்டிலிருந்து, அதாவது தலைப் பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட சிறு துண்டிலிருந்து, 12-ஆவது ஃப்ரெட் வரை உள்ள தூரம் கிட்டாரின் ஸ்கேல் நீளத்தில், அதாவது கம்பி அதிரும் நீளத்தில், சரிபாதி. ஃபெண்டர் வகையில் ஸ்கேல் 648 மில்லிமீட்டர், அதனால் 324 வரவேண்டும். பணம் மிச்சம் பிடிக்கப்படுவது இயந்திரம் நின்ற பிறகுதான். ஃப்ரெட்டுகளைச் சமன் செய்வது, முனைகளை உருட்டுவது, பாலிஷ் போடுவது, நட்டில் பள்ளம் அராவுவது, கடைசியில் கம்பி மாட்டி ஒருவர் வாசித்துப் பார்ப்பது. இவையெல்லாம் கை, கண், நேரம். இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்று, மரத்தைக் காயவைக்கும் காலம்.

ஒரு முறை ஒரே மாடலில் ஐந்து புதிய கிட்டார்கள் ஒன்றாக என் மேசைக்கு வந்தன. பிராண்டு பெயர் வேண்டாம். ஆர்வத்தில் ஐந்தையும் அளந்தேன். பாடி, நெக்கின் அகலம், நெக் உட்காரும் பள்ளம் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருந்தன. நட்டுகள் மட்டும் ஐந்தும் ஐந்து விதம். ஒன்றில் கம்பி ஃப்ரெட்டைத் தொடும் அளவுக்கு ஆழமாக அராவியிருந்தார்கள், இன்னொன்றில் விரல் வலிக்கும் உயரம். இரண்டில் உயர்ந்து நிற்கும் ஃப்ரெட் இருந்தது, ஆனால் வெவ்வேறு இடத்தில். ஒன்று மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த உடனே மேடைக்குக் கொண்டுபோகலாம் போல இருந்தது. அந்த ஒன்றை வாங்கியவர் ஐந்து நட்சத்திரம் கொடுப்பார். ஆழமான நட்டு வந்தவர் விறகு என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை.

இதனால்தான் விமர்சனங்களைப் படிப்பதற்கே ஒரு முறை வேண்டும் என்கிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, ஏனென்றால் இது ஒரே பானை இல்லை. நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், குறைகளைப் படியுங்கள். பத்துப் பேர் பத்து விதமான குறை சொல்கிறார்களா? ஒருவருக்கு ஃப்ரெட் முனை குத்துகிறது, ஒருவருக்கு சுவிட்ச் வேலை செய்யவில்லை, ஒருவருக்கு நட்டு உயரம் என்றால், கடைசிச் சோதனை அவசரமாக நடக்கிறது என்று பொருள். உங்களுக்கு வருவது நல்லதாகவும் இருக்கலாம், இல்லாவிட்டாலும் சரிசெய்துவிடக்கூடியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மாறாக, வெவ்வேறு மாதங்களில் வாங்கிய பலரும் ஒரே குறையைச் சொன்னால் உஷாராகுங்கள். மெல்லிய ஈ (E) கம்பி, அதாவது ஓரத்துக் கம்பி, ஃப்ரெட் விளிம்பிலிருந்து வழுக்கி விழுகிறது என்று நான்கு பேர் சொன்னால் அது கைத்தவறு இல்லை; வரைபடத்திலோ, துளை போடும் அச்சிலோ கோளாறு. அந்த மாடலில் எத்தனை கிட்டார் மாற்றி வாங்கினாலும் அதே குறைதான் வரும். இன்னொன்று, வீடியோவில் விமர்சிப்பவருக்கு நிறுவனமே கொடுத்த கிட்டாரை யாரோ ஒருவர் எடுத்துப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் என் தொழில் வியாதி, ஆனாலும் சொல்கிறேன்.

சரி, கிட்டார் கையில் வந்துவிட்டது. முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். கப்பலில் பல வாரம், கிடங்கில் சில மாதம் என்று அது வெப்பத்தையும் ஈரத்தையும் மாறி மாறிப் பார்த்திருக்கும். பெட்டியைத் திறந்து, கம்பிகளைச் சரியான சுருதிக்கு ஏற்றி, ஒரு நாளாவது அறையில் விட்டுவிடுங்கள். இதை நான் அடிபட்டுக் கற்றேன். ஆரம்ப வருடங்களில் வந்திறங்கிய உடனே ஒரு கிட்டாரைப் பார்த்து, நெக் பின்பக்கம் வளைந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள் என்று வாங்கியவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சோம்பேறித்தனத்தால் இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தார். தளர்ந்து கிடந்த கம்பிகளை அதற்குள் சுருதியேற்றி வாசிக்கவும் தொடங்கிவிட்டார். நெக் தானாகவே சரியாகியிருந்தது. அவர் அதை இன்னும் எனக்கு நினைவுபடுத்துவார்.

மறுநாள் சோதிக்கும்போது நெக்கிலிருந்து தொடங்குங்கள், அதற்குக் காரணம் உண்டு. கிட்டாரில் வரும் குறைகளை நான் இரண்டு குவியலாகப் பிரிப்பேன். ஒன்று, முடிக்காமல் விட்ட வேலை. அதை யாராவது முடித்துவிடலாம். இன்னொன்று, மரத்துக்குள் இருக்கும் குறை. அதை முடிக்க முடியாது, திருப்பித்தான் அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது குவியல் சின்னது, ஆனால் அதில் பெரும்பகுதி நெக்கில்தான் இருக்கிறது. கிட்டாரைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோலப் பிடித்து, தலைப் பக்கமிருந்து ஃப்ரெட்போர்டின் இரண்டு விளிம்புகளையும் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல வளைந்தால் அது சாதாரண வளைவு. ஒரு விளிம்பு ஏறி, ஒரு விளிம்பு இறங்கினால் நெக் முறுக்கியிருக்கிறது. முறுக்கை ட்ரஸ் ராடால், அதாவது நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டால், எடுக்க முடியாது, அது நெக்கை முன்னும் பின்னும்தான் வளைக்கும். இப்போது தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், 7 அல்லது 8-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நல்லது. அதிகமாகவோ குறைவாகவோ இருந்தால் கவலை வேண்டாம், ட்ரஸ் ராட் இருப்பதே அதற்குத்தான். ஆனால் அந்த ராட் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும். சரியான அளவு ஆலன் சாவி போட்டு கால் சுற்று இறுக்குங்கள், நெக் நிமிர வேண்டும். கால் சுற்று தளர்த்துங்கள், வளைய வேண்டும். ஏற்கெனவே கடைசிவரை இறுகி, இதற்குமேல் திரும்பாமல் நின்றால் அந்த கிட்டார் எனக்கு வேண்டாம். ராட் ஓரிடத்தில் அகப்பட்டுக்கொண்டால் அதை எடுக்க ஃப்ரெட்போர்டையே பெயர்க்க வேண்டிவரும். எளிய கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

அடுத்து, நெக்கும் பாடியும் சேரும் இடம். இங்கே பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பள்ளத்தின் ஓரத்தில் காகிதம் நுழையும் இடைவெளி இருப்பதும், பெயிண்டில் முடிபோல ஒரு கீறல் ஓடுவதும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தடித்த பாலியெஸ்டர் பூச்சு மூலையில் வெடிப்பது சகஜம். பார்க்க வேண்டியது கம்பிகளின் ஓட்டத்தை. கடைசி ஃப்ரெட்டுகளில் இரண்டு ஓரக் கம்பிகளும் விளிம்பிலிருந்து ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கின்றனவா? இல்லையென்றால், போல்ட் போட்ட நெக்காக இருந்தால் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி நெக்கைத் தள்ளி மறுபடி இறுக்கினாலே சில நேரம் சரியாகிவிடும். பிறகு 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம். தடித்த பக்கம் 2, மெல்லிய பக்கம் 1.5 மில்லிமீட்டர் அளவில் பெரும்பாலோருக்கு வசதி. அந்த உயரம் வரும்போது பிரிட்ஜின் சேடில்கள், அதாவது பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கி ஏற்றி இறக்கும் சிறு கட்டைகள், எங்கே நிற்கின்றன என்பது உயரத்தைவிட முக்கியம். அடிமட்டத்தில் படுத்துவிட்டும் கம்பி இன்னும் உயரமாக இருந்தால் நெக்கின் கோணம் தப்பு. போல்ட் நெக் என்றால் அடியில் மெல்லிய தகடு வைத்துக் கோணத்தைத் திருத்தலாம், பத்து நிமிட வேலை. ஒட்டிய நெக் என்றால் முடியாது. இதனால்தான் குறைந்த விலையில் முதல் கிட்டார் வாங்குபவரிடம் நான் போல்ட் நெக்கையே சொல்வேன். அது உயர்ந்தது என்பதால் இல்லை, மன்னிக்கும் குணம் அதற்கு அதிகம் என்பதால்.

ஃப்ரெட்டுகளுக்கு வருவோம். ஆம்ப் (ஒலிபெருக்கி) போடாமல் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு முறை மீட்டுங்கள். நூற்றிருபதுக்கு மேல் சுரங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. சலிப்பாக இருக்கும், செய்யுங்கள். கம்பி ஃப்ரெட்டில் பட்டு எங்கும் பரவலாக உதறினால் உயரம் போதவில்லை, செட்டப் விஷயம். விரல் வைக்காத திறந்த கம்பி மட்டும் உதறினால் நட்டு ஆழம்; முதல் சில ஃப்ரெட்டுகளும் சேர்ந்து உதறினால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது. 7-இல் அழுத்தும்போது மட்டும் உதறி, 8-இல் சுத்தமாக ஒலித்தால் 8-ஆவது ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. அதை லேசாகத் தட்டிப் பார்த்தால் சில சமயம் அசையும், சரியாகப் பதியாத ஃப்ரெட். ஓரிரு ஃப்ரெட் என்றால் சமன் செய்துவிடலாம். 15-க்கு மேல் எல்லாமே செத்த ஒலி எழுப்பி, கம்பியை வளைக்கும்போது சத்தமே அடைத்துப்போனால் நெக்கின் கடைசிப் பகுதி மேடாக எழும்பியிருக்கிறது. இது பெரிய வேலை, பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டியது. நெக்கின் ஓரமாகக் கையை ஓட்டும்போது ஃப்ரெட் முனை ரம்பம்போலக் கீறினால், ஒன்று முனையை அராவவில்லை, இல்லை மரம் காய்ந்து சுருங்கி உலோகம் வெளியே வந்துவிட்டது. இரண்டையும் அரம் தீர்த்துவிடும். ஆனால் வாங்கிச் சில மாதம் கழித்து முனைகள் புதிதாக வெளியே வந்தால், மரம் ஈரமாக இருக்கும்போதே செய்துவிட்டார்கள் என்று நான் சந்தேகப்படுவேன். சந்தேகம்தான், ஏனென்றால் அறையின் காற்று மிக வறண்டிருந்தால் நன்றாகக் காய்ந்த மரமும் சுருங்கும்.

சுருதி நிற்கவில்லை என்றதும் எல்லோரும் ட்யூனிங் கீயைத் திட்டுகிறார்கள். என் மேசையில் பார்த்தவரை பத்தில் சில முறைதான் கீ குற்றவாளி. பெரும்பாலும் நட்டு. சுருதி கூட்டும்போது நட்டிலிருந்து ‘டிங்’ என்று சத்தம் கேட்டால் கம்பி பள்ளத்தில் சிக்கி, பிறகு குதிக்கிறது. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தாலே பாதி நோய் போய்விடும். நட்டின் உயரத்தைப் பார்க்க, கம்பியை 2-க்கும் 3-க்கும் நடுவில் அழுத்தி முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். ஒரு முடி அளவு வெளிச்சம் தெரிந்தால் போதும். நிறையத் தெரிந்தால் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் சுரக்கூட்டுகள் (கார்டு) எல்லாம் சுருதி ஏறிப் பேசும். தொழிற்சாலைகள் நட்டை உயரமாகவே விடுவது தந்திரம்தான்: உயரமாக இருந்தால் அராவிக்கொள்ளலாம், ஆழமானால் மாற்ற வேண்டும்.

மின்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆம்பில் போட்டு ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மெல்லத் தட்டுங்கள், சுவிட்ச் சொல்லும் பிக்கப்தான் பேசுகிறதா என்று. நாபைத் திருப்பும்போது கரகரத்தால் அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் போதும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரி. ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் இரைவது அதன் பிறவிக் குணம், குறை இல்லை. கெட்டுப்போனாலும் எல்லாமே மாற்றக்கூடிய சாமான்.

மரத்தைப் பற்றிப் பெரிய சண்டை நடக்கும், அதில் இறங்க எனக்கு ஆசை இல்லை. பாப்லரா, பாஸ்வுட்டா, எத்தனை துண்டு ஒட்டியது என்பது எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியை எவ்வளவு மாற்றுகிறது என்பதில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை; என் காதுக்குப் பிக்கப்பும் ஆம்பும் செய்யும் மாற்றத்துக்கு முன்னால் அது சிறியது. ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட் இல்லை என்பதால் தரம் குறைந்தது என்பதையும் நம்பாதீர்கள். 2017 தொடக்கத்தில் ரோஸ்வுட் இனம் முழுவதும், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு முறை எல்லை தாண்டவும் தாள் வேலை. அதனால் பலரும் லாரல், பாவ் ஃபெரோ என்று மாறினார்கள். 2019 இறுதியில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தும் பலர் பழையபடி திரும்பவில்லை. இந்தியன் லாரல் என்று எழுதியிருப்பது வேறொன்றுமில்லை, தமிழில் கருமருது என்கிற மரம். உறுதியில் குறை சொல்ல முடியாது.

நேரில் பார்க்க முடியாமல் வாங்குவதாக இருந்தால், விற்பவரிடம் நிறுவனத்தின் படம் வேண்டாம், உங்களுக்கு அனுப்பப்போகும் அதே கிட்டாரின் படம் வேண்டும் என்று கேளுங்கள், வரிசை எண்ணோடு. தலைப் பக்கமிருந்து நெக்கின் நீளவாக்கில் ஒன்று, கடைசி ஃப்ரெட்டுகளும் இரண்டு ஓரக் கம்பிகளும் தெரிய நேர்மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் சேடில் உயரம் தெரிய ஒன்று. உயர்ந்த ஃப்ரெட் படத்தில் தெரியாது, ட்ரஸ் ராட் திரும்புமா என்பதும் தெரியாது. அதனால் திருப்பி அனுப்பும் வசதி இல்லாத இடத்தில் சற்று மலிவாகக் கிடைப்பதைவிட, வசதி உள்ள இடத்தில் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது மேல். அனுப்பும் முன் பெட்டியைத் திறந்து செட்டப் செய்து கொடுக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலை விட்ட நிமிடங்களை அவர்கள்தான் போடுகிறார்கள்.

பிக்கப் மாற்றுவது பற்றி: இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் ஃப்ரெட்டுகளைச் சமன் செய்து, நட்டைச் சரியாக அராவி, நல்ல செட்டப் செய்யுங்கள். ஆறு மாதம் வாசித்த பிறகும் ஒலி பிடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள், உள்ளே இருக்கும் சாமான்கள் பெரும்பாலும் மெட்ரிக் அளவு. பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி 10.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம்; அமெரிக்க அளவில் செய்த பிரிட்ஜின் துளைகள் அதில் சேராது. வால்யூம் நாபுக்கு அடியில் இருக்கும் பாட் (pot) என்ற பாகத்தின் தண்டில் 18 பற்கள் இருந்தால், 24 பல்லுக்குச் செய்த நாப் இறுக்கிப் பிடிக்காது. அளந்த பிறகு ஆர்டர் போடுங்கள்.

பழைய கிட்டாரைப் பொறுத்தவரை, எனக்குச் சம்மதம்தான். நான் சொன்ன சோதனைகள் எதுவும் இன்றைய நிலையைத்தான் காட்டும், அடுத்த வருடம் அந்த மரம் என்ன செய்யும் என்பதைக் காட்டாது. இரண்டு மூன்று வருடம் கம்பியோடு நின்ற நெக் அசைய வேண்டியது பெரும்பாலும் அசைந்து முடித்திருக்கும், அது உங்களுக்கு லாபம். கூடுதலாக இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள்: முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மெல்லிய கம்பிகளுக்கு அடியில் எவ்வளவு பள்ளம் விழுந்திருக்கிறது, ட்ரஸ் ராட் தலையின் அறுகோணம் தேய்ந்து உருண்டையாகிவிட்டதா. பள்ளம் நகத்தில் தட்டும் அளவுக்கு இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். அறுகோணம் உருண்டையாக இருந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.